பசிக்கு ஓர் ஊசி

கேள்வி: எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டால், பிரியாணியைக் கண்டாலும் கை நீளாதாமே?

பதில்: கை நீளும், பாதித் தட்டில் நின்றுவிடும்! சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும். ஆனால், அதன் ஆயுள் சில நிமிடங்களே. செமாக்ளூடைடு ஊசி அதே வேலையை ஒரு வாரம் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. 'அடுத்து என்ன தின்னலாம்' என்று நாளெல்லாம் நச்சரிக்கும் நினைப்பும் பலருக்கு அடங்குகிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது.

குமட்டல், மலச்சிக்கல் வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். சாப்பிடுவதே கொஞ்சம் என்றான பிறகு தசையைக் காக்கப் புரதமுள்ள முட்டை, மீன், பருப்பு, சுண்டல் முதலில் இறங்கட்டும், சோறு அப்புறம். 2025-இல் இவ்வகை ஊசிகளான மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இளைத்துவிட்டார் என்பது மருந்துச்சீட்டு ஆகாது!