இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: பில்லியர்ட்ஸ் பார்க்கச் செல்லும் விடுமுறையின் திணையியல்

மனிதர் விடுமுறைக்கு எங்கெங்கே செல்கிறார்கள் என்பது பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் ஒருவர் தம் ஆண்டு விடுப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து, விமானம் ஏறிப் போய், ஜன்னல் இல்லாத ஒரு கூடத்துக்குள் நுழைந்து, தமக்குச் சரியாக ஆட வராத ஓர் ஆட்டத்தைப் பிறர் ஆடக் கண்டு, மலையோ கடலோ கோயிலோ எதையும் பார்க்காமல், ஆனாலும் மனநிறைவோடு ஊர் திரும்புவது ஏன் என்ற கேள்வியை அறிஞர் எவரும் உரிய மரியாதையோடு அணுகியதாகத் தெரியவில்லை. இக்குறையைப் போக்கப் புகும் இக்கட்டுரை, அமெரிக்காவில் தொழில்முறை பாக்கெட் பில்லியர்ட்ஸ் போட்டிகளைப் பார்க்கக் கூடும் நடுவயது நண்பர் கூட்டத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. ஆறு பைகள் கொண்ட மேசையில் ஆடப்படும் இவ்விளையாட்டுக்கு அந்நாட்டில் வழங்கும் சுருக்கமான பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இடக்கரடக்கல் விதி குறுக்கே நிற்கும் ஆதலின், அது இங்கு முழுப்பெயராலேயே சுட்டப்படும். உதகமண்டலத்துக் கிளப்பில் 19ஆம் நூற்றாண்டில் விதி வகுக்கப்பட்ட ஸ்னூக்கர் இதற்கு உறவுமுறை உடையதே ஆயினும் அது வேறு குடும்பம். அதைப் பற்றி உதகைக்காரர் எழுதிக்கொள்வர்.

ஆய்வுக் களமாக டெர்பி சிட்டி கிளாசிக் கொள்ளப்பட்டது. மே மாதத்துக் குதிரைப் பந்தயத்தால் பெயர்பெற்ற கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரை நினைவூட்டும் பெயருடன், டயமண்ட் என்னும் மேசைகளைச் செய்யும் கிரெக் சல்லிவன் 1999இல் தொடங்கிய இப்போட்டி, பல ஆண்டுகளாக ஓஹையோ ஆற்றின் எதிர்க்கரையில், இந்தியானா மாநிலப் பக்கத்து கேசினோ விடுதியில், ஜனவரிக் கடைசியில் நடந்துவருகிறது. மூன்று ஆட்டங்கள் இங்கே அடுத்தடுத்து ஆடப்படுகின்றன. அவற்றுள் பேங்க்ஸ் என்பது ஒவ்வொரு பந்தையும் மேசை ஓரத்தில் மோதித் திருப்பியே பையில் விழச்செய்யும் ஆட்டம். மற்ற இரண்டும் பின்னர் விளக்கப்படும். நுழைவுக் கட்டணம் கட்டிய எவரும் ஆடலாம் என்பதால் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் உலகச் சாம்பியனுக்கு எதிரே கோலைப் பிடித்து நிற்க நேர்வது உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டக்காரர் பெயர்கள் புதிதாகக் குலுக்கப்படுகின்றன. தோற்றவர் ஒருமுறை மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம். ஆகவே, யார் யாரோடு எப்போது ஆடுவார் என்பதை முன்கூட்டித் திட்டமிட எவராலும் முடியாது. திட்டமிட முடியாத இடத்தில் மனிதன் செய்யக்கூடியது உட்கார்ந்திருப்பது ஒன்றே என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

இம்முடிவை இலக்கண முறையில் நிறுவுதல் வேண்டும். தொல்காப்பியர் அகத்திணையை முதல், கரு, உரி எனப் பகுத்துக் காட்டினார். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்தில் விளைவனவும் வாழ்வனவும். உரி என்பது அங்கே நிகழும் மனவொழுக்கம். பொழுதை முதலில் காண்போம். ஜனவரிக் கடைசி தை மாதம் ஆதலின் பெரும்பொழுது முன்பனி. ஆட்டங்கள் சூடுபிடிப்பது நள்ளிரவில் ஆதலின் சிறுபொழுது யாமம். இவ்விரண்டும் குறிஞ்சிக்கு உரியவை. நிலமோ ஆற்றங்கரை, சுற்றுவட்டாரத்தில் சோள வயல், எனவே மருதம். நிகழும் ஒழுக்கமோ நாற்காலியில் அமர்ந்து பொறுமையோடு காத்திருத்தல். அது முல்லைக்குரிய இருத்தல். இவ்வாறு ஒன்றன் பொழுதும் மற்றொன்றன் நிலமும் பிறிதொன்றன் ஒழுக்கமும் கலந்து கிடப்பது குற்றமன்றோ எனின், அன்று. திணை மயங்குவதை இலக்கணம் விலக்கவில்லை. இரு நிலங்கள் ஒருங்கே மயங்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. கேசினோ இந்த நிபந்தனையை முற்றும் நிறைவேற்றுகிறது. உள்ளே போனவருக்கு வெளியே செல்லும் வாசல் எளிதில் அகப்படாதபடி கட்டப்பட்ட இடத்தில் இரண்டாவது நிலத்துக்கு ஏது வழி?

மருத நிலத்தின் உரிப்பொருளாகிய ஊடல் எங்கே எனக் கேட்பார்க்கு, அது வீட்டில் நிகழ்கிறது என விடை கூறுக. விடுப்பு எப்போது, எத்தனை நாள், குழந்தைகளின் பள்ளி விடுமுறையோடு அது ஏன் ஒத்துவரவில்லை என்னும் வினாக்கள் டிசம்பரிலேயே எழுந்து, பயணப்பெட்டி மூடப்படும்வரை தணியாமல் இருக்கும். சங்க மரபில் ஊடல் தீர்க்கப் பாணனும் விறலியும் வாயில்களாகச் சென்றனர். இத்திணையில் அப்பணியைத் திரும்பும் வழியில் விமான நிலையத்தில் வாங்கப்படும் சாக்லேட் பெட்டி செய்கிறது. பாணனுக்குக் கிடைத்த வரவேற்பே பெரும்பாலும் அதற்கும் கிடைக்கிறது.

கருப்பொருளில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. மேசைக்கு அடித்தளம் ஸ்லேட் கல் பலகை. அதன்மேல் இழுத்துக் கட்டும் கம்பளித் துணிக்குப் பெல்ஜியத்தின் சிமோனிஸ் பெயர்போனது. பினாலிக் பிசினால் ஆன பந்துகளும் அதே நாட்டிலிருந்தே வருகின்றன. பெரிய மேசையின் ஆடுதளம் 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம். பறவை வேண்டுமே எனின், மேசையோரத்தை விட்டு நகராத பார்வையாளரை அந்நாட்டார் நெடுங்காலமாகவே ‘ரெயில்பேர்ட்’ என அழைத்துவருவதால் அவ்விடம் முன்பே நிரப்பப்பட்டுள்ளது. உணவு பர்கர், தொழில் கோல்முனைக்குச் சாக்குக்கட்டி தேய்த்தல், பூ, தரைவிரிப்பில் அச்சிட்டிருக்கும், எந்தத் தாவரவியலிலும் இல்லாத ஒரு சிவப்பு மலர்.

இனி உரிப்பொருள். இங்கேதான் ஆய்வு சற்று நிற்க வேண்டும். ஐம்பதை எட்டிய இரு நண்பர்கள், காரணம் எதுவும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஆயிரம் மைல் பயணம் செய்வதில்லை. அவ்வாறு செய்தால் யாருக்கோ உடல்நலம் சரியில்லை என்றே சுற்றத்தார் எண்ணுவர். அப்படியே சந்தித்தாலும், ஓட்டல் மேசைக்கு இருபுறமும் முகத்துக்கு முகம் அமர்ந்ததும் பேச்சு அரைமணியில் வற்றிவிடுகிறது. பில்லியர்ட்ஸ் போட்டி இவ்விரு சிக்கல்களையும் ஒருசேரத் தீர்க்கிறது. வருவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. வந்தபின் இருவரும் தோளோடு தோள் அமர்ந்து, ஒரே பச்சை அல்லது நீலத் துணியைப் பார்த்தபடி, முகம் பாராமல் பேச முடிகிறது. முகம் பார்த்துச் சொல்ல முடியாதவை பக்கவாட்டில் சொல்லப்படுகின்றன. இதனை இக்கட்டுரை பக்கவாட்டு நட்பு எனப் பெயரிடுகிறது. உருளும் பந்துக்கும் நின்ற பந்துக்கும் இடையே உள்ள காலமே அதன் அளவை.

இதனை அணுகிக் காண வேண்டுமாயின் ஒன் பாக்கெட் ஆட்டத்தின் அருகே அமர வேண்டும். இந்த ஆட்டத்தில் மேசையின் ஒரு முனையில் உள்ள இரண்டு மூலைப்பைகளில் ஒன்று ஒருவருக்கும் மற்றது எதிராளிக்கும் சொந்தம். பதினைந்து பந்துகளில் எட்டைத் தம் பையில் முதலில் போடுபவர் வெல்வார். தவறு செய்தால் போட்ட பந்து ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே, தாம் பந்து போடுவதைவிட எதிராளி போடவிடாமல் செய்வதே ஆட்டக்காரரின் முழுநேர வேலை. வெள்ளைப் பந்தை மூன்று அங்குலம் மட்டும் நகர்த்தி வேறொரு பந்தின் பின்னால் ஒளித்து வைப்பார். அதைக் கண்டு மற்றவர் எழுந்து, மேசையை ஒருமுறை சுற்றி, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, சாக்குக்கட்டியைத் தேய்த்து, மறுபடி சுற்றுவார். இந்த இடைவெளியில் மூன்றாம் வரிசையில் இருக்கும் ஒருவர், தம் மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதை மேசையைப் பார்த்தபடியே சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் உடனே எதுவும் சொல்வதில்லை. குனிந்த ஆட்டக்காரர் மெதுவாகத் தள்ளுகிறார். பந்து ஓரத்தைத் தொட்டு, திரும்பி, கொத்தாகக் கிடக்கும் பந்துகளில் ஒட்டி நிற்கிறது. நல்ல சேஃப்டி, அதாவது நல்ல தடுப்பு அடி, என்று இருவரும் தலையசைத்த பிறகே, எப்போது வந்தாள் என்ற கேள்வி வருகிறது. ஒரே ஆட்டம் ஒருமணி நேரத்தைத் தாண்டுவதும், மூன்று ஆட்டம் வெல்வதற்குள் யாமம் கழிந்துவிடுவதும் இங்கே சாதாரணம். அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதையும் பேசி முடிக்கலாம். நல்ல இருக்கைகள் ஆள் இல்லாவிட்டாலும் காலியாக இருப்பதில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடிப்பதைப் போல, வராத நண்பருக்காக மடித்து வைத்த குளிர்கோட்டு ஒன்று அங்கே கிடக்கும்.

நைன்-பால் இதற்கு நேர்மாறானது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகளில், மேசையில் இருப்பவற்றுள் சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும். முறைப்படி ஒன்பதாம் பந்தைப் போட்டவருக்கு அந்த ரேக், அதாவது அடுக்கி உடைத்த ஒரு முழு ஆட்டம், சொந்தமாகும். தேர்ந்தவர் கையில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பெரிய அரங்குகளில் ஒரு அடிக்கு 30 விநாடி எனக் கடிகாரமும் வைக்கப்படுகிறது. முப்பது விநாடியில் மகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நைன்-பால் நட்பு என்பது ஆகவே வியப்புச் சொற்களாலும் தொடையில் தட்டுவதாலும் ஆனது. அது குறைவானதன்று, ஆனால் அதற்காக யாரும் ஜனவரிக் குளிரில் இந்தியானாவுக்குப் போக வேண்டியதில்லை.

பார்வையாளரைப் பற்றிப் பேசுங்கால் ஆய்வாளர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. அவர் எதிராளி. ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்வரை மற்றவர் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதியாதலின், அரங்கிலேயே மிக நல்ல இருக்கை தோற்றுக்கொண்டிருப்பவருக்கே கிடைக்கிறது. 1996இல் டாலஸில் எர்ல் ஸ்டிரிக்லண்ட் தொடர்ச்சியாக 11 ரேக்குகளை முடித்தபோது எதிரே இருந்தவர் செய்ய வேண்டியிருந்தது பார்ப்பது ஒன்றே. அதே ஆண்டு ஹாங்காங்கில் ஸ்டிரிக்லண்டும் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் 120 ரேக் வெல்வதே இலக்கு என வைத்து மூன்று நாள் ஆடி, ரேயஸ் 120–117 என வென்றபோது, இருவருமே மாறிமாறி இருத்தலை நன்கு பயின்றனர். 1954இல் ஓஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லி மோஸ்கோனி ஒரு பந்தும் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்ட காட்சி ஆட்டத்தில், எதிராளி தொடக்கத்தில் மூன்று பந்து போட்டுத் தவறவிட்டு உட்கார்ந்தார். பிறகு எழ வேண்டிய தேவை ஏற்படவில்லை. இந்தச் சாதனைக்குப் படப்பதிவு இல்லை. சான்றாக நிற்பது, கண்டவர் பலரும் கையெழுத்திட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கையெழுத்தால் ஒரு வரலாறு நின்றது என்பதை, விடுப்பு விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பத் தயங்குவோர் கருத்தில் கொள்ளலாம்.

இவ்வாய்வுக்கு எழக்கூடிய மறுப்புகளுள் வலுவானது ஒன்று. நேரலையில் மேசைக்கு நேர்மேலே கேமரா இருக்க, பந்துகளின் நிலை துல்லியமாகத் தெரிய, விளக்கவுரையும் கேட்க, வீட்டுச் சோபாவில் அமர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டு, பத்தாம் வரிசையிலிருந்து இரண்டேகால் அங்குலப் பந்தைத் தேடுவது அறிவுடைமையா? கிட்டத்துப் பை மேசையின் ஓரத்தில் மறைந்துவிடும் என்பதும், முன்னால் இருப்பவரின் தலை மீதியை மறைக்கும் என்பதும் உண்மையே. ஆனால் இந்த மறுப்பு பந்தைப் பார்ப்பதே நோக்கம் எனக் கொள்வதால் தொடக்கத்திலேயே பிழைபடுகிறது. பந்து தெரியாதபோது, என்ன நடந்தது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, அவருக்கும் தெரியாது, அங்கிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

இன்னொரு மறுப்பு மோஸ்கோனி கோப்பையைக் காட்டும். மோஸ்கோனி மறைந்த மறு ஆண்டான 1994இல் இங்கிலாந்தின் ராம்ஃபர்டில் தொடங்கி, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் அரங்கிலும் நடந்துள்ள இந்த ஐரோப்பா–அமெரிக்கா மோதலில், பார்வையாளர் பாடுவர், கூவுவர், எதிரணியை நையாண்டி செய்வர். அங்கும் நண்பர்கள் கூட்டமாகவே செல்கின்றனர். ஆயினும் அருகிலிருப்பவர் பேசுவது காதில் விழாத இடத்தில் நிகழ்வது இருத்தல் அன்று, ஆர்த்தல். ஆர்த்தல் புறத்திணைக்கு உரியது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும், தொண்டைக்குப் பனங்கற்கண்டும் வேண்டும்.

எனவே விடுப்பு குறைவாக உள்ள வாசகர், டெர்பி சிட்டிக்குச் செல்ல நேர்ந்தால், வாரத்தின் நடுவில் வரும் ஒன் பாக்கெட் நாட்களைத் தேர்ந்தெடுத்து, நண்பரை இடப்புறமோ வலப்புறமோ அமர்த்திக்கொள்க. எதிரே அமர்த்த வேண்டாம். கூடத்தில் குளிரூட்டி ஜனவரியிலும் ஓடக்கூடும் ஆதலின் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்க. நைன்-பால் இறுதியாட்டத்தை ஊர் திரும்பியபின் பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.