லயத்துச் சுவரில் இல்லம்: ஒரு முன்னாய்வு

1789இல் ஜோர்ஜ் வொஷிங்டன் பதவியேற்றபோது ஆதரவாளர்கள் சட்டையில் தைத்துக்கொண்ட பித்தளைப் பொத்தான்களை அமெரிக்கர் இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள். நம்மவருக்கு அந்தப் புத்தி இல்லை என்பது பிழையான முடிவு. இரத்தினபுரியில், வேவல்வத்தைப் பக்கத் தோட்டமொன்றில், ஓர் அப்பாயியின் காம்பராச் சுவர் முப்பத்தைந்து வருடமாகத் தேர்தல் சின்னங்களைச் சேர்த்துவைத்து இதைத்தான் செய்கிறது.

ஆய்வு முறையை மாணிக்கம் தோண்டுகிறவர்களிடம் கடன் வாங்கினேன். மேல்மண், களி எல்லாம் தாண்டினால் கல் கிடக்கும் சரளைப் படை வரும். அதற்குப் பெயர் 'இல்லம்'.

மேற்படை: திசைகாட்டி ஸ்டிக்கர், 2024. அதற்கடியில் 2020இன் தொலைபேசியும் மொட்டும். பிறகு வெற்றிலை. இன்னும் ஆழத்தில் 1994இன் நாற்காலி. யானை பல ஆழங்களில் அகப்படுகிறது. சேவலுக்குக் காலம் குறிப்பதுதான் கஷ்டம். அது எந்தக் கூரையில் நின்று கூவியது என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். மாப்பசை ஒட்டிய நோட்டீஸ்களைக் கரப்பான் கட்சிபேதமின்றித் தின்றிருக்கிறது. ஸ்டிக்கரை மட்டும் தொடவில்லை. இதை அரசியல் கருத்தாகக் கொள்ளலாகாது.

வாக்குறுதியை வைத்துக் காலம் கணிக்கவும் முயன்றேன். முடியவில்லை. எழுத்து மிஞ்சிய படையிலெல்லாம் ஒரே வாசகம்: ஏழு பேர்ச் காணி, தனி வீடு. மாணிக்கக் குழியில் இல்லத்துக்கு முப்பது, நாற்பது அடிகூட இறங்கவேண்டியிருக்கும். இந்தச் சுவரில் நகத்தால் சுரண்டினாலே இல்லம். எல்லாம் அச்சில்.

அடிப்படை 1989: விருப்பு வாக்கு இலக்கம் போட்ட முதற்பொதுத் தேர்தலின் துண்டு. அதற்கும் கீழே வெறும் சுண்ணாம்பு. லயமோ வெள்ளைக்காரத் துரை காலத்தது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்த நாட்டில் இந்த வெற்றுப் படை ஏன்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் மறுவருடத் தேர்தல் திருத்தமும் தோட்டத்தாரின் வாக்கைப் பறித்தன. நாடற்றவராயிருந்த இந்தக் குடும்பத்துக்கு அது திரும்பியது 1988இன் சட்டத்தோடு. வாக்கில்லாத வீட்டுச் சுவருக்கு எவன் பசை காய்ச்சுவான்?

மாதிரிக்கு ஒரு துண்டு உரிக்கலாமென்று கத்தியை எடுத்தேன். அப்பாயி அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார்:

"பிச்சிறாதீங்க தம்பி! அதுக்குப் பின்னால செவுரு இல்ல, ஓட்டதான். ராவுல குளிரு தாங்காது."

அகழாய்வு அடுத்த தேர்தல் வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது.