கம்பெனிகளின் கைமாத்து

கேள்வி: கம்பெனிகள் வாங்கும் குறுகிய காலக் கடனை வைத்துப் பொருளாதாரத்தை எடைபோட முடியுமா?

பதில்: நன்றாகவே முடியும். 'கமர்ஷியல் பேப்பர்' என்பது பெரிய கம்பெனிகளின் கைமாத்து. அடமானம் கிடையாது, பேர்தான் ஜாமீன். சம்பளத்துக்கும் சரக்குக்கும் இந்தப் பணம்தான் கைகொடுக்கும். கடன் கூடியதா என்பதைவிட வட்டி எகிறுகிறதா, தவணை சுருங்குகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குக் கொடுத்தவர் 'நாளைக்கே திருப்பு' என்றால் நம்பிக்கை போய்விட்டது! 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் 78.5 கோடி டாலர் கடன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச்சந்தை ஃபண்டின் ஒரு டாலர் யூனிட் 97 சென்டானது. கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பணத்தைக் கொட்டி கம்பெனிகளின் கமர்ஷியல் பேப்பர்களை வாங்க வேண்டியதாயிற்று. பங்குச்சந்தைப் புள்ளிகளை மட்டும் பார்ப்பவர்களே, கமர்ஷியல் பேப்பர் வட்டி மீதும் ஒரு கண் வையுங்கள்.