சூரியனுக்கு கரண்ட் பில் கட்டுற பேராண்டிக்கு

வாய்யா, உக்காரு. ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்பு பூராம் ஊதா வெளிச்சம். எதிர் வீட்டு அம்மா லிஃப்டுல என்னைப் பிடிச்சு, "உங்க பேரன் பியூட்டி பார்லர் வச்சிருக்காரா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்னு சொல்லிட்டேன். ஒத்த மிளகாச் செடிக்குத்தான் இம்புட்டு வெளக்குன்னு சொன்னா, உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

நம்ம ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாக. அது மானத்தையும் மண்ணையும் நம்பி வெளையுற சரக்கு. நீ ஏழாவது மாடியில மானமும் இல்லாம மண்ணும் இல்லாம வெள்ளாமை பாக்குற. சரி, நீ படிச்ச புள்ள.

தொட்டிய எப்ப மாத்தணும்னு கேட்ட. 30 நாளைக்கு ஒருக்கான்னு ஃபோன்ல மணி வச்சிருக்கியாம்ல? அது செடியா, கேஸ் சிலிண்டரா? எங்களுக்குப் புரட்டாசி, ஐப்பசின்னு மழை வந்து நாள் குறிச்சுக் குடுக்கும். உன் வெளக்குக்கு ஏது பட்டம்? டைமரைப் போட்டு தினம் 16 மணி நேரம் எரிக்கிற. மழை, மப்புன்னு ஒரு நாள் லீவு உண்டா அதுக்கு? மார்கழியிலயும் சித்திரை மாதிரி வளருது. அப்ப நாளைப் பாத்து ஆகாது, வேரைத்தான் பாக்கணும்.

வேரு மண்ணுக்குள்ள இருக்கு, எப்படிப் பாக்குறதும்ப. அதுவே வெளிய வந்து சொல்லும். தொட்டியத் தூக்கி அடி ஓட்டையப் பாரு. வெள்ளையா மீசை நீட்டிருச்சுன்னா எடம் பத்தலைன்னு அர்த்தம். போன மாசம் ஊத்துன தண்ணி மூணு நாள் தாங்குச்சு, இப்பக் காலையில ஊத்துனா சாயங்காலமே தலை தொங்குதுன்னு பொலம்புனேல்ல? உள்ள மண்ணைவிட வேரு சாஸ்தி. ஊத்துன கையோட தண்ணி சரசரன்னு கீழ தட்டுக்கு ஓடியாறதும் அதே கதைதான்.

ஆனா இலை வெளுத்த ஒடனே தொட்டியத் தூக்கிக்கிட்டு ஓடாத. எந்த இலைன்னு பாரு. கீழ இருக்குற முத்தின இலை மஞ்சளானா பசி. உள்ள வேரு நெருக்கியிருக்கும், இல்ல உரம் தீந்திருக்கும். உச்சியில வெளக்கை ஒட்டுன இலை மட்டும் வெளுத்தா வெளக்கு சுடுது, அதை ஒரு சாண் ஒசத்திக் கட்டு. நாத்து கொக்குக் காலு மாதிரி நெட்டையாப் போச்சுன்னா வெளக்கு எட்டத்துல கெடக்கு. இந்த ரெண்டுக்கும் தொட்டி மாத்துறது, பல்லு வலிக்குச் செருப்பு வாங்குன கதைதான்.

சந்தேகமா இருந்தா உருவிப் பாத்துரு. முந்துன நாளே தண்ணி விட்டு வையி. தண்டு ரெண்டு விரலுக்கு நடுவுல வர்ற மாதிரி உள்ளங்கையால மண்ணைப் பொத்தி, தொட்டியக் கவுத்து, விளிம்பை மேசையில லேசாத் தட்டு. தண்டைப் பிடிச்சு இழுக்காத, அது கோழி இல்ல. மண்ணு பொலபொலன்னு உதுந்தா இன்னும் நேரம் வரலை. சத்தம் போடாம திரும்ப வச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி போயிரு. மண்ணு தொட்டி அச்சுலயே முழுசா வந்து, ஓரத்துல அங்கங்க வெள்ளை வேரு ஓடிருந்தா அதான் முகூர்த்தம். உங்க அப்பத்தா பிழிஞ்ச இடியாப்பம் மாதிரி சுத்திச் சுத்தி வேராவே இருந்தா நீ பிந்திட்ட. ஓரத்து வேரை விரலால கோதிவிட்டு நடு, இல்லைன்னா புதுத் தொட்டியிலயும் அந்தச் சுத்தையேதான் சுத்தும். வேரு பழுப்பேறி, கொழகொழன்னு நாத்தம் அடிச்சா அது எடப் பஞ்சம் இல்ல. நீ பாசத்துல ஊத்துன தண்ணி.

அடுத்தது உன் பேராசை. மூலையில ஒரு 12 இஞ்சு தொட்டி வாங்கி வச்சிருக்கியே, இந்த 4 இஞ்சு செடிக்குத்தான அது? 4 போனா 6. அதுலயே மண்ணு மூணு மடங்குக்கு மேல கூடிரும். 12க்குத் தாவுனா 27 மடங்கு. செடி குடிக்கிறது ஒரு சங்கு, மண்ணு குடிச்சு வச்சிருக்கிறது ஒரு குடம். உன் ரூம்புல வெயிலும் இல்ல, காத்தும் இல்ல, ஈரம் எங்க போகும்? வேரு அழுகும். 12 இஞ்செல்லாம் காய்க்கப் போற கடைசி வீடு.

எனக்கு எப்படித் தெரியும்னா, கல்யாணம் ஆன புதுசுல உங்க அப்பத்தாளை அசத்தணும்னு, அவ வச்சிருந்த கைப்பிடித் துளசியத் தூக்கி நெல்லு அவிக்கிற பழைய அண்டாவுல நட்டேன். பத்தே நாளுதான், அடித்தண்டு கருத்து ஆளு காலி. ஆடு கடிச்சிருச்சுன்னு சொல்லித் தப்பிச்சேன். அவ அந்த ஆட்டையே வித்துப்புட்டா. இதை ஊருல போயி ஒளறிறாத.

மாத்துறது சாயங்காலமா இருக்கட்டும். தண்டு முந்தி எம்புட்டு ஆழத்துல இருந்துச்சோ அம்புட்டுலயே வையி. தக்காளின்னா கழுத்து வரைக்கும் பொதைக்கலாம், தண்டுலயே வேரு விடும். மிளகாய்கிட்ட அந்த வெளையாட்டு வேணாம். அடியில சல்லியக் கொட்டாத. தண்ணி எறங்குறதுக்கு ஓட்டை போதும், சல்லி வேரோட எடத்தைத்தான் திங்கும். நட்டதும் ரெண்டு மூணு நாள் வாடி நிக்கும். பயந்து மறுபடி தண்ணி, உரம்னு ஊத்தாத. வெளக்கை மட்டும் கொஞ்சம் ஒசத்தி வச்சிட்டு, கையக் கட்டிக்கிட்டு இரு. ரெண்டு வாரத்துக்கு உர டப்பா உன் கண்ணுலயே படக்கூடாது.

இப்பவே மாத்திருவமான்னா கேக்குற? உச்சியப் பாருய்யா, மொட்டு கட்டியிருக்கு. இப்பக் கை வச்சா பூவெல்லாம் உதுந்துரும். ரொம்ப வாடுனா மட்டும் மாத்து, இல்லைன்னா முதல் காய் பறிக்கிற வரைக்கும் பொறு. காய்ச்சா எனக்கு ரெண்டு குடு, கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டுப் பாப்போம். காரம் இருந்தா உன் வெளக்கு மிளகாயையும் மிளகாய்னு ஒத்துக்கிறேன்.

இப்ப அந்த வெளக்கை அணைச்சிட்டுப் போ. செடியும் கண்ணசரணும், நானும் அசரணும்.