பேசத் தெரிந்த ஓவியன்

எண்பதுகளில் சென்னையில் ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா என்றால் வரைந்தவன் வேறு, பேசுகிறவர் வேறு. இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு ஓரமாக நிற்பதுதான் வரைந்தவன் வேலை. சிறப்பு விருந்தினர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ வங்கி மேலாளராகவோ இருப்பார். குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, "மாடர்ன் ஆர்ட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்குவார். அதை நிரூபிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ரவிவர்மாவில் ஆரம்பித்தவர் தம் பேத்தி வரைந்த யானையில் வந்து முடிப்பார். எனக்கு ஒரு பொன்னாடை. படங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு குரூப் போட்டோ. பிறகு பஜ்ஜி, காபி.

நாங்கள் பேசாமல் நின்றதற்கு அடக்கம் காரணம் இல்லை, வளர்ப்பு அப்படி. நான் படித்த கவின்கலைக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். மருத்துவமனையின் அமைதி அங்கே மிச்சம் இருந்தது. வாத்தியார் ஈசலுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். கையிலிருக்கும் கரித்துண்டை வாங்கி, தோள்பட்டை அருகே ஒரே ஒரு கோடு போடுவார். போய்விடுவார். விமர்சனம் முடிந்தது. "ஏன் சார்?" என்று கேட்டால், "கண்ணு இருக்கில்ல? பாரு" என்பார்.

அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அங்கே போனவர்கள் பேசிப் பிழைக்கவில்லை. பாத்திக் துணி செய்து விற்றார்கள், அந்த வருமானத்தில் படம் வரைந்தார்கள். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஜாதகக் கட்டங்கள், நடுவே நுணுக்கி நுணுக்கி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு மூக்கு உரசும் தூரத்தில் நின்றாலும் ஒரு வரி படிக்க முடியாது. வாத்தியார் சொன்ன அதே "பாரு"தான்.

இப்போது ஓவியனையே பேசச் சொல்லி அழைப்பு மின்னஞ்சலில் வருகிறது. கூடவே கேட்பார்கள்: 150 வார்த்தைகளில் என் கலைக்கோட்பாடு, என்னைப் பற்றி நானே படர்க்கையில் எழுதிய குறிப்பு, படங்கள் 300 டிபிஐ. கொச்சியில் 2012-ல் பினாலே என்ற கலைத் திருவிழா வந்த பிறகு, பேசத் தெரியாத ஓவியனை யாரும் கூப்பிடுவதே இல்லை என்று ஆகிவிட்டது. 'பெச்சாகுச்சா' என்று ஒரு பேச்சு முறையும் உண்டு. 2003-ல் டோக்கியோவில் பிறந்தது. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி. மொத்தம் 6 நிமிடம் 40 வினாடியில் வாழ்நாள் உழைப்பு முடிந்துவிடும். மூன்று மாதம் காயவைத்த எண்ணெய் வண்ணத்துக்கு 20 வினாடி என்பது, நீதிபதி கொடுத்ததைவிட அதிகம்தான். அவர் திரும்பியே பார்த்ததில்லை.

நானும் தேறிவிட்டேன். நினைவு, உடல், வெளி, இடப்பெயர்வு. இந்த நான்கையும் முன்பின்னாக மாற்றிப் போட்டால் கத்தரிக்காய் படத்துக்குக்கூட அரைமணி நேரம் பேசலாம். கூட்டம் குறிப்பெடுக்கிறது. திரையை போனில் படம் பிடிக்கிறது. திரை தெளிவாகத் தெரியவேண்டும் என்று காலரி விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். ஆக, பத்தடி தள்ளி அசல் படம் இருட்டில் தொங்க, அதன் நிழலுக்கு நான் உரை சொல்கிறேன்.

போன மாதம் பேசி இறங்கியதும் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றவந்த தம்பி கேட்டார்: "சார், அந்தப் பெரிய படத்துல கறுப்பு ஒரு பக்கம் குளுகுளுன்னு, இன்னொரு பக்கம் சூடா இருக்கே, ரெண்டும் வேற வேற கலரா?" ஒயர் இழுக்கும்போது அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நான் டியூப் கறுப்பைத் தொடுவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் கறுப்பு வரும்; நீலம் கூடினால் குளிர்ச்சி, அம்பர் கூடினால் வெம்மை. அன்று மாலை நான் பேசியதில் உருப்படியானது தம்பிக்குச் சொன்ன இந்தப் பதில்தான். திரையில் இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தன.

பழைய காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று நான் ஏங்கவில்லை. வாயில்லாத நல்ல ஓவியர்கள் பலர் படத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். பேச்சுக்குக் கூலியும் உண்டு. அந்தக் கண்காட்சியில் படம் எதுவும் விற்கவில்லை. உரைக்கான தொகை மட்டும் டி.டி.எஸ். போக வங்கிக்கு வந்துவிட்டது.

அடுத்த மாதமும் ஒரு பேச்சு இருக்கிறது. வருகிறவர்கள் தயவுசெய்து அரைமணி முன்னதாக வாருங்கள். விளக்கை அணைப்பதற்குள் படத்தைப் பார்த்துவிடலாம்.