ராமநாதபுரத்தை வெளிநாடாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் ஒரு மீன்பிரியன்

பெறுநர்: கடல் உணவு ஏற்றுமதியைப் பெருக்கும் உயரதிகாரிகள்

பொருள்: மீன் விஷயத்தில் மட்டுமாவது எங்கள் மாவட்டத்தை அயல்நாடாக அறிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடல் இருந்தும், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடைத்தெருவில் அகப்படுவது ஆந்திரக் குளத்துக் கட்லாதான். ஓட்டலில் மீன் வறுவல் கேட்டால் வியட்நாம் பாசா வருகிறது. பாசா மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எங்கள் மீன் எங்கே போனது என்பதே என் கவலை.

விசைப்படகு கரை திரும்பும் முன்பே அதன் மீனுக்கு ஆள் இருக்கிறது. டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீன். அவர் சொன்னதுதான் விலை. கணவாய் ஐரோப்பாவுக்கு. இறால் கம்பெனிக்கு. நண்டை அவித்து, எங்கள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து சதையைப் பிரித்தெடுக்க, அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. நல்ல விளமீனும் பாறையும் கேரள லாரியில் ஏறிவிடுகின்றன. மிச்சம் சங்காயம் எனப்படும் கழிவு மீன். அதுவாவது நமக்கு என்று பையை விரித்தால், மீன்தூள் ஆலைக்காரர்கள் முந்திக்கொள்கிறார்கள். அந்தத் தூள் கோழித் தீவனமாகிறது. ஆக, பாம்பன் மீனை நாங்கள் ருசிப்பதே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிராய்லர் கோழி வழியாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, எந்தக் கடற்பகுதி, எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். சரிபார்த்து முத்திரை குத்துவது நம் அரசு அலுவலகம்தான். மாட்ரிட்டில் கணவாய் தின்கிறவருக்காக இவ்வளவு சிரத்தை. நான் சந்தையில் "இது எந்த ஊர் மீன்?" என்று கேட்டால், "கடல் மீன்தாண்ணே, நம்பி வாங்குங்க" என்கிறார்கள். நம்பலாம். ஆனால் 2018இல் சென்னைச் சந்தைகளிலேயே மீனில் ஃபார்மலின் கண்டுபிடித்தார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கும் அதே மருந்து. அதைக் கண்டறிய ஒரு சோதனைத் தாளையும் கொச்சியிலுள்ள மத்திய ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. வெளிநாட்டுக்காரருக்கு மீனோடு சான்றிதழ்; எனக்கு, நானே சோதித்துக்கொள்ள ஒரு தாள்!

மீன்பிடித் தடைக்காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. மீன் பெருக வேண்டுமே, நிற்கட்டும். அப்போதும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன. அந்த மீனும் எங்கள் கண்ணில் படும் முன் ஐஸ் பெட்டிக்குள் படுத்துவிடுகிறது.

ஏற்றுமதி மீன் குளிர்சாதன வண்டியில் போகிறது. உள்ளூர் மீனைத் தெருத்தெருவாகக் கூவி விற்கும் அக்காமாருக்கோ பேருந்தில் ஏறுவதே பாடு. 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றமடிக்கிறது என்று மீன் விற்ற மூதாட்டியைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டிக்க வேண்டியதாயிற்று.

நடுவில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதமாக்கியதும், 'இறாலை நம் மக்கள் நிறையச் சாப்பிட வேண்டும்' என்று திடீர் உபதேசங்கள் கிளம்பின. டிரம்ப் கோபித்துக்கொண்டால்தான் எங்களுக்குப் பந்தியில் இலை போடுவீர்கள் போலிருக்கிறது.

ஆகவே, எங்கள் மாவட்டத்தை அயல்நாடாக அறிவித்து, எங்களையும் இறக்குமதியாளர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். டாலர் கிடையாது, ரூபாய்தான். ஆனால் கைமேல் ரொக்கம்.

சட்டத்தில் இடமில்லை என்றால் ஒரு சின்ன உதவி போதும். காலையில் படகு வந்ததும் முதல் ஒரு மணி நேரம், கூடைக்காரப் பெண்களும் வீட்டுக்கு வாங்குகிறவர்களும் கிலோ கணக்கில் எடுக்க வழி விடுங்கள். ஏலக்கூடத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, படகின் எண்ணையும் மீன் பிடித்த இடத்தையும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். சாக்பீஸ் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.