தாயைப் போல குட்டி

கேள்வி: பணத்துக்குக் குறைவில்லை. உலகின் ஆகப்பெரிய சாம்பியனை என் பெண்குதிரையோடு சேர்த்துவிட்டால், டெர்பி கோப்பை வீடு தேடி வந்துவிடாதா?

பதில்: கோப்பைக்கு அலமாரி செய்யச் சொல்லுமுன் செக்ரட்டேரியட்டைப் பாருங்கள். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரை அது. அவற்றில் ஒன்றான பெல்மான்ட்டில் 31 குதிரை நீளம் முன்னால் வந்தது. நல்ல குட்டிகள் பிறந்தன. தகப்பனுக்கு நிகராக ஒன்றும் பிறக்கவில்லை. ஆனால் அதன் மகள்கள் டெர்லிங்குவாவும் வீக்எண்ட் சர்ப்ரைசும் ஈன்ற ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி இரண்டும் பொலிகுதிரைகளாக அமெரிக்கப் பந்தயத்தையே ஆண்டன. தாத்தாவின் சொத்து மகள் வழிப் பேரன்களிடம் போய்ச் சேர்ந்தது. விலையும் வேகத்துக்கு ஜாமீன் தராது. 2006இல் 1.6 கோடி டாலருக்கு ஏலம் போன தி கிரீன் மங்கி மூன்று முறை ஓடி ஒரு முறையும் வெல்லவில்லை. எனவே பொலிகுதிரையின் புகழை ஒதுக்கிவைத்து, உங்கள் பெண்குதிரையிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: குட்டியில் பாதி அப்பா, பாதி அம்மா. அம்மாவுக்கு மட்டும் ஏன் மாலை?

பதில்: மரபணுவில் ஏறக்குறைய பாதிப் பாதிதான். ஆனால் சுமார் பதினொரு மாதம் சுமப்பதும், பாலூட்டுவதும் தாய். 1938இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வால்டனும் ஹேமண்டும் பெரிய ஷயர் இனத்தையும் குள்ளமான ஷெட்லாந்து இனத்தையும் இரு வழியிலும் கலந்து பார்த்தார்கள். ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாந்து தாய் ஈன்றதைவிடப் பிறக்கும்போதே சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. எடை வேறு, வேகம் வேறு என்பீர்கள். சரி, பந்தயத்துக்கே வருவோம். 1993இல் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை வென்ற அர்பன் சீ, சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரைக்குக் கலிலியோவை ஈன்றது. கேப் கிராஸ் என்ற பொலிகுதிரைக்கு சீ தி ஸ்டார்ஸை ஈன்றது. 2001, 2009 எப்சம் டெர்பிகளை வென்றவை இந்த இரு பிள்ளைகள். கேப் கிராஸ் ஒரு மைல் ஓட்டத்தில் பேர் வாங்கியது. அதன் மகன் சீ தி ஸ்டார்ஸோ ஒன்றரை மைல் டெர்பியையும் ஆர்க்கையும் வென்றது. அந்தத் தாக்குப்பிடிக்கும் திறனில் தாயின் பங்கு தெளிவாகத் தெரிகிறது.

கேள்வி: வெற்றிப் பட்டியலின் உச்சியில் ஆண்டுதோறும் அதே பொலிகுதிரைகள்தானே? புள்ளிவிவரம் பொய் சொல்லுமா?

பதில்: பொய் சொல்லாது, பாதியோடு நிறுத்திக்கொள்ளும். சாட்லர்ஸ் வெல்ஸ் 14 முறை பிரிட்டன், அயர்லாந்துப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் தரம் உண்மையானது. ஆனால் ஒரு பொலிகுதிரையின் சேர்க்கைக் கட்டணம் ஏற ஏற, மிகச் சிறந்த பெண்குதிரைகளே அதனிடம் வருகின்றன. முதல் மார்க் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளியை நாம் எப்படி எடைபோடுவோமோ, அப்படித்தான் இதையும் எடைபோட வேண்டும். அதே தாய்கள் வேறு பொலிகுதிரைகளுக்கு ஈன்ற குட்டிகள் எப்படி ஓடின என்று ஒப்பிடுங்கள். அவற்றைவிட இந்தப் பொலிகுதிரையின் குட்டிகள் மேலாக இருந்தால் மட்டுமே பெருமை தகப்பனுக்கு.

கேள்வி: மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு?

பதில்: சோதனையும் தாயிடம்தான் உங்களைத் திருப்பி அனுப்புகிறது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் வகைக்கும் ஓட்டத் தூரத்துக்கும் உள்ள தொடர்பை 2010இல் டப்ளின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சி-சி வகை குறுந்தூரத்துக்கும், டி-டி வகை நெடுந்தூரத்துக்கும், கலப்பு இடைத்தூரத்துக்கும் ஏற்றவை. குட்டிக்கு ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தகப்பனிடமிருந்தும் வரும். தாயின் வகை தெரியாமல் தகப்பனின் வகையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போட முடியும்? அதுவும் தூரத்தைத்தான் சொல்லும். கோணல் காலையோ முரட்டுக் குணத்தையோ சொல்லாது. உங்கள் பெண்குதிரையின் குறைகளை முதலில் எழுதுங்கள். அதே குறையுள்ள பொலிகுதிரை எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் வேண்டாம். நெருங்கிய தலைமுறைகளில் ஒரே முன்னோர் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேர முடியும். பெண்குதிரைக்கோ ஆண்டுக்கு ஒரு குட்டிதான். தவறான தேர்வின் முழு விலையையும் கட்டுவது அவள். ஆகவே தேர்வும் அவளுக்காகவே நடக்க வேண்டும்.